முன்தெருவை மூடுமுன் பின்தெருவைப் பாருங்கள்: காரைக்குடிக் கடைவீதி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பாதாள சாக்கடைக்காகத் தோண்டிய கடைவீதியில் குழாய் பதித்து, குழியை மூடி, மேல்தளம் போடுவதற்கு முன்னால் ஓர் இடைவெளி வரும். வண்டிகள் அதற்குள் மாற்றுப்பாதைக்குப் பழகியிருக்கும். புழுதி இருந்தாலும் ஆட்கள் தெரு நடுவில் நிம்மதியாக நடப்பார்கள். அந்த இடைவெளியில்தான் தெரு இரண்டு பட்டுப் பேசும். "சீக்கிரம் ரோட்டைப் போட்டுத் திறந்துவிடுங்கள், வியாபாரம் படுத்துவிட்டது" என்பது ஒரு பக்கம். "இப்படியே விட்டுவிடுங்கள், பெண்டு பிள்ளைகள் நடக்கட்டும்" என்பது மறுபக்கம். கேள்வியைக் கேட்கச் சரியான நேரமும் அதுதான். மேல்தளம் விழுந்துவிட்டால் தெருவின் மட்டம், வடிகால், வண்டிப் பாதை எல்லாம் இறுகிவிடும். பிறகு மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் உடைக்க வேண்டும்.

1928இல் நகராட்சியாகி 2024இல் மாநகராட்சியான காரைக்குடியில் இந்தக் கேள்வி ஒரு தெருவோடு முடியாது. ஆகவே பெயருள்ள ஒரு தெருவை இங்கே விசாரணைக்கு இழுக்கவில்லை. ஊரின் பழைய கடைவீதிகளில் திரும்பத் திரும்பக் காணும் அமைப்பை ஒரே தெருவாக்கி, கணக்குக்குத் தோதான எண்களை வைத்திருக்கிறோம். உங்கள் தெருவுக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை அதேதான்.

மாதிரித் தெருவின் நீளம் 220 மீட்டர். சுவருக்குச் சுவர் அகலம் கிழக்கே 9 மீட்டர், நடுவில் இடுங்கி 7.5 மீட்டர். கிழக்கு முனை பஸ் ஓடும் ரோட்டில் முட்டுகிறது, மேற்கு முனை கோயில் வீதியில். இரு மருங்கும் 64 கடைகள்: நகை, பாத்திரம், ஜவுளி, மளிகை, இரண்டு மருந்துக்கடை, ஒரு பலகாரக்கடை. மூடியிருந்தது ஓராண்டுக்கு மேல். வடக்கே இணையாக 6 மீட்டர் அகலத்தில் பின்தெரு ஓடுகிறது. தீர்ப்பு எப்படி வரும் என்பது பெரும்பாலும் இந்தப் பின்தெருவைப் பொறுத்தது என்பதே எங்கள் கருத்து.

தெருவிலிருந்து தெருவுக்கு

செட்டிநாட்டு மனை ஒரு தெருவில் முகப்பை வைத்து அடுத்த தெருவில் பின்கட்டை முடிக்கும். முகப்பு, வளவு எனும் நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று ஒரே நேர்கோட்டில் போகும். ஆகையால் ஒவ்வொரு முன்தெருவுக்கும் ஒரு பின்தெரு உண்டு. சரக்கு, விறகு, மாட்டுவண்டி பின்னால். விருந்தாள், பந்தல், ஊர்வலம் முன்னால். நடைவீதி அமைக்க மற்ற ஊர்கள் புதிதாகத் தேட வேண்டிய சேவைப்பாதையை இங்கே முன்னோர் மனைக்கோட்டிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வரைபடத்தில் இருக்கும் அந்த வசதி தரையிலும் இருக்கிறதா என்று ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கித்தான் பார்க்க வேண்டும். கடைவீதியில் பழைய மனைகள் பங்கு பிரிந்தும் வாடகைக்குப் பிரிந்தும் கிடக்கின்றன. முன்பகுதி பாத்திரக்கடை, பின்பகுதி வேறொருவரின் குடோன், நடுவில் செங்கல் சுவர். 64 கடைகளில் பின்வாசல் வரை சொந்த நடை உள்ளவை 20 தேறினால் அதிகம். அந்த 20இலும் நடையில் பழைய பெட்டிகளை அடுக்கி அடைத்திருப்பார்கள். முதல் வேலை இந்தக் கணக்கெடுப்புதான்: கடை எண், பின்வழி உண்டா, அகலம் எவ்வளவு, ஒரு தள்ளுவண்டி நுழையுமா. 90 சென்டிமீட்டர் இருந்தால் தள்ளுவண்டி போகும். 75 என்றால் தலைச்சுமைதான்.

எண்ணிப் பார்த்தால்

தெரு திறந்திருந்த காலத்து நெரிசலுக்கு மாதிரியாக, மாலை 6 முதல் 7 வரையிலான கணக்கை எடுத்துக்கொள்வோம்: 620 இருசக்கர வாகனங்கள், 90 ஆட்டோ, 40 கார், 10 குட்டியானை. சாலைகளுக்கு நெறிமுறை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரசின் நகரச்சாலைக் கணக்கின்படி இவற்றைக் கார் அலகாக, அதாவது ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று மாற்ற வேண்டும். இருசக்கரத்துக்கு 0.75, ஆட்டோவுக்கு 2, காருக்கு 1, சிறு சரக்கு வண்டிக்கு 2. அதன்படி 465, 180, 40, 20, ஆகமொத்தம் 705 அலகு.

இதில் கடைக்கு வருகிறவை எத்தனை, குறுக்கே புகுந்து போகிறவை எத்தனை என்பதுதான் முக்கியம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரு முனையிலும் இரண்டிரண்டு பேர் நின்று, நுழையும் வெளியேறும் வண்டியின் கடைசி நான்கு எண்ணைச் செல்போனில் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்தால் போதும். மூன்று நிமிடத்துக்குள் மறுமுனையில் வெளியேறிய வண்டி கடைக்கு வரவில்லை, வழிக்கு வந்தது. எழுதிக்கொண்டே எண்ணினால் மாலை நெரிசலில் பாதி விட்டுப்போகும், பேசிப் பதிவதே சரி. மாதிரித் தெருவில் 45 சதவீதம் வழிப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். அதாவது 317 அலகு. மீதி 388 கடைக்கு வருபவை.

பின்தெருவில் ஏற்கனவே ஓடுவது 300. வழிப்போக்கு 317 சேர்ந்தால் 617. இருவழியாக, ஒரு பக்கம் வண்டி நிறுத்தியபடி கிடக்கும் 6 மீட்டர் தெரு மணிக்கு 450 அலகு தாங்கினால் பெரிது. அங்கே வண்டி நிறுத்துவதை அறவே எடுத்து, ஒருவழியாக்கினால் 900 வரை எதிர்பார்க்கலாம். அப்படியானால் 617 அடங்கிவிடுகிறதே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் திட்டங்கள் சறுக்குகின்றன. கடைக்கு வருபவர்களின் 388 அலகு எங்கே போயிற்று? வண்டி நிறுத்துமிடத்தைப் பின்தெருவின் நடுவில் வைத்தால் அவர்களும் அந்தத் தெருவுக்குள்தான் வந்தாக வேண்டும். 617உடன் 388 கூடினால் 1,005. தெரு அடைத்துக்கொள்ளும். முதல் வாரத்திலேயே "மூடினதால்தான் இந்தக் கதி" என்ற பேச்சு கிளம்பும், இரண்டாம் வாரம் தடுப்பைத் தள்ளிவிட்டு ஆட்டோ உள்ளே போகும்.

நிறுத்துமிடம் இரு முனைகளிலும் இருந்தால் பாதிப் பேராவது பின்தெருவைத் தொடாமலேயே வண்டியை விட்டுவிடுவார்கள். 617உடன் 194 சேர்ந்தால் 811. இறுக்கம்தான், ஆனால் ஓடும்.

எத்தனை வண்டிக்கு இடம் வேண்டும்? 620இல் 55 சதவீதம் என்றால் மணிக்கு 341 இருசக்கர வாகனங்கள். ஒருவர் சராசரி 40 நிமிடம் நிற்கிறார் என்றால் ஒரே நேரத்தில் 227 வண்டி. நகைக்கடைக்கு வருபவர் ஒன்றரை மணி நேரம் நிற்பார், மருந்துக்கு வருபவர் ஐந்து நிமிடம், எனவே சராசரியை எண்ணிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வண்டி ஒன்றுக்கு நடைவழியோடு 3 சதுர மீட்டர் வைத்தால் 681 சதுர மீட்டர், ஏறக்குறைய 17 சென்ட். ஒரே இடமாக இல்லாமல் எட்டு சென்ட், ஒன்பது சென்ட்டாக இரு முனையிலும் கிடைத்தால் போதும்.

வீடு இடிந்து வெறும் மனையாகக் கிடக்கும் இடங்கள் இந்த ஊர்களில் உண்டு. மரமும் தூணும் விற்றுப்போய், சுற்றுச்சுவரும் முள்செடியும் மிச்சம். இரண்டு தெருவிலும் வாசல் உள்ள மனை என்பதால், பின்னால் வண்டியை நுழைத்து முன்னால் நடந்து வெளியே வரலாம். இதைவிடத் தோதான நிறுத்துமிடம் வேறு அமையாது. இதில் உள்ள முடிச்சு உரிமை. ஒரு மனைக்கு ஏழெட்டுப் பங்காளிகள் இருப்பார்கள், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஒருவரின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மண் கொட்டினால் மற்றொருவர் தடை வாங்குவார். ஆளுக்கொரு சம்மதக் கடிதம், வாடகையைப் பங்கு விகிதத்தில் பிரித்துக் கட்டும் ஏற்பாடு, முதலில் 11 மாத ஒப்பந்தம் என்று போவதே நடைமுறை. ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம், அதற்கு எல்லாப் பங்காளியும் வர வேண்டியிருக்கும். ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: நிறுத்துமிடத்துக்காக நிற்கிற வீட்டின் ஒரு தூணைக்கூடச் சாய்க்கக் கூடாது. ஏற்கனவே வெறுமையான மனை கிடைக்கவில்லை என்றால் திட்டத்தைச் சுருக்குங்கள்.

வேறு ஊர்களில் என்ன ஆயிற்று

அமெரிக்காவின் காலமசூ நகரம் 1959இல் பர்டிக் தெருவைக் கார்களுக்கு மூடி நடைவீதியாக்கியது. அதன் ஒரு பகுதியை 1998இல் மறுபடி கார்களுக்குத் திறந்தது. சிகாகோவின் ஸ்டேட் தெரு 1979இல் பஸ்ஸுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்றாகி, 1996இல் கார்களுக்குத் திரும்பியது. இவற்றை வைத்து "மூடினால் கடைவீதி செத்துப்போகும்" என்று முடிவு கட்டுவது அவசரம். அந்த ஊர்களில் குடியிருப்பும் கடைகளும் நகரத்தின் வெளிப்புறத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நடுவூரில் நடக்க ஆள் இல்லாதபோது நடைவீதி எதற்கு? 1962இல் மூடிய கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயே இன்றும் நிரம்பி வழிகிறது, ஏனென்றால் ஊர் அதைச் சுற்றியே வாழ்கிறது.

இந்தப் பாடம் செட்டிநாட்டுக்கு நேராகப் பொருந்தும். காரைக்குடிக் கடைவீதியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களின் வீட்டுத் தெருக்கள் அப்படி அல்ல. அங்கே பல வீடுகள் பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கின்றன. சுற்றுலாவை நம்பி அப்படிப்பட்ட தெருவை நிரந்தரமாக மூடினால், பயணிகள் போன பிறகு இருட்டும் பூட்டிய கதவும்தான் மிஞ்சும். காரைக்குடி பற்றிய இந்த முடிவை அந்தத் தெருக்களுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

நம் பக்கத்து உதாரணங்கள் இன்னும் பயனுள்ளவை. சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகம் வண்டியை முழுக்க விரட்டவில்லை, பாதையைக் குறுக்கி நடைபாதையை விரித்தது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலை மாலையில் மூடிக் காலையில் திறக்கிறது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது. குறுக்குவது, நேரம் வைப்பது, முழுக்க மூடுவது என்று மூன்று வழியும் தமிழ்நாட்டுக் கண்ணுக்குப் பழகியவையே.

எங்கள் தீர்ப்பு

பழையபடி திறந்துவிடுவது தவறு. 705 அலகில் கிட்டத்தட்டப் பாதி கடைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. அதற்காக 64 கடையும் நடப்பவர்களும் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய நியாயம் இல்லை. இரவும் பகலும் மூடுவதும் தவறு. சித்திரை வெயிலில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தெருவில் யாரும் உலாவப் போவதில்லை. வெறுமையாகக் கிடக்கும் இடத்தை ஒரே வாரத்தில் நிறுத்திய வண்டிகள் பிடித்துக்கொள்ளும்.

நேரம் பிரித்துக்கொள்வதே பொருத்தம். காலை 5.30 முதல் 8.30 வரை சரக்கு வண்டி. 8.30 முதல் மாலை 5 வரை இருசக்கரமும் ஆட்டோவும் மட்டும், ஒருவழியாக, இறக்கிவிட்டுப் போகலாம், நிறுத்தக் கூடாது. மாலை 5 முதல் இரவு 10 வரை நடப்பவர்களுக்கு மட்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் திருவிழா நாட்களும் காலை 8.30க்கே மூடிவிடலாம். இந்த ஊர்த் தெருவுக்கு நேரம் பிரித்து வாழ்வது புதிதல்ல. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டால் தெரு மூடும், தேர் வந்தால் மூடும், மறுநாள் திறக்கும். மகர்நோன்புப் பொட்டலைப் பாருங்கள், விஜயதசமிக்கு அம்பு விடும் நாளில் ஒரு கோலம், மற்ற நாளில் வேறொன்று.

தெருவின் குறுக்குவெட்டு இப்படி அமையட்டும்: நடுவில் 3.5 மீட்டர் பாதை, இரு புறமும் 9 மீட்டர் அகலத்தில் 2.75 மீட்டர் நடைபகுதி, இடுங்கிய இடத்தில் 2 மீட்டர். நடைபாதைக்கு வேண்டிய குறைந்தபட்சத் தடையற்ற அகலம் 1.8 மீட்டர் என்பதால் இடுங்கலிலும் தேறுகிறது. மூன்றும் ஒரே மட்டம், மேடு கட்டக் கூடாது. நடுப்பாதை மாலையில் மூடியிருக்கும்போது தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் அதுவே வழி. அதில் பெஞ்சு, பூந்தொட்டி, பலகாரக்கடை நாற்காலி எதுவும் நிற்கக் கூடாது. மேலே 4.5 மீட்டருக்குக் கீழ் சாமியானாத் துணியோ கேபிளோ தொங்கக் கூடாது.

தரை

மழையில் இந்தத் தெருக்கள் நிற்பதற்கும் மூழ்குவதற்கும் இடையே உள்ள வேறுபாடு சில சென்டிமீட்டர்தான். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து, உயரமான படி வைத்துக் கட்டிய வீடுகளின் கீழ்ப்படியே காணாமல் போயிருக்கிறது. சுரண்டி எடுத்த பிறகே புதுத்தளம் என்று 2021இல் அரசு அறிவுறுத்தியிருக்கிறது. தோண்டிய தெருவில் அது கைவசமான வாய்ப்பு. டியூப் லெவலைப் பிடித்து 64 வாசல்படிகளின் மட்டத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் மிகத் தாழ்ந்த படியைவிட 15 சென்டிமீட்டர் கீழே தெருவின் மேல்மட்டம் நிற்க வேண்டும். ஒரே ஒரு தாழ்ந்த கடைக்காக மொத்தத் தெருவையும் இறக்க முடியாவிட்டால் அந்தக் கடையின் வாசலில் தனியாகக் குறுக்கு வடிகால் போட வேண்டும். அதை அந்தக் கடைக்காரரிடம் முன்பே பேசி முடிப்பது நல்லது.

தெருவில் மட்டும் விழும் மழை: சராசரி 8.5 மீட்டர் அகலம் வைத்தால் 1,870 சதுர மீட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழைக்கு நொடிக்குச் சுமார் 26 லிட்டர். ஓட்டுச்சரிவிலிருந்தும் மாடியிலிருந்தும் முன்பக்கம் இறங்கும் தண்ணீர் இதைப்போல் இரண்டு மடங்கு எளிதாக வரும். நடுவில் ஒற்றை வடிகால் என்பது பார்க்க அழகு, ஆனால் பாதாள சாக்கடைக் குழாய் பெரும்பாலும் நடுவில்தான் போகிறது. எனவே நடுப்பாதையின் இரு விளிம்பிலும் மூடி போட்ட வடிகால். 2 சதவீதச் சரிவு கடைப்பக்கத்திலிருந்து விளிம்புக்கு. வடிகால் மூடிக்கல்லே நடைபகுதிக்கும் பாதைக்கும் எல்லை காட்டிவிடும், தனிக்கோடு போட வேண்டியதில்லை. மூடியை ஒரு ஆள் கடப்பாரையால் தூக்கும் எடைக்கு, 60 சென்டிமீட்டர் துண்டுகளாக வார்த்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாத மூடி ஒருநாளும் தூர் வாரப்படாது.

பழைய காலத்தில் தெருமழை ஊருணிக்குப் போனது. கழிவுநீர் கலந்ததால்தான் அந்த வாய்க்கால்களை அடைத்தார்கள். கழிவுநீர் தனிக்குழாய்க்குப் போன பிறகு மழைத்தண்ணீரை மறுபடி ஊருணிக்கு விட முடியும். ஆனால் கடைசிக் கடையின் கழுவுநீர் வரை சாக்கடை இணைப்புக்குப் போய்விட்டதா என்று உறுதி செய்துகொண்டு, ஊருணிக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டிய பிறகே திறக்க வேண்டும். பலகாரக்கடை ஒன்றின் எண்ணெய்த் தண்ணீர் போதும், ஊருணி மேலே படலம் கட்டிவிடும்.

மேல்தளத்துக்கு இங்கே அடிக்கடி எழும் யோசனை ஆத்தங்குடிக்கல். செட்டிநாட்டு அடையாளம் தெருவிலும் தெரியட்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் அது கண்ணாடிமேல் வார்த்து எடுக்கும் சிமெண்ட் கல். முகம் வழவழப்பானது. வளவுக்குள் வெறுங்காலுக்கும் எண்ணெய்த் துடைப்புக்கும் ஏற்றது. தெருவில் மழை விழுந்தால் வழுக்கும், குட்டியானையின் சக்கரம் ஏறினால் மூலை உடையும், மணல் தேய்த்து ஒரே ஆண்டில் நிறம் போய்விடும். அதை வீட்டுக்குள்ளேயே விடுங்கள். நடைபகுதிக்கு 80 மில்லிமீட்டர் தடிமன், எம்-40 வலிமையுள்ள பேவர் பிளாக், அடியில் சுமார் 30 மில்லிமீட்டர் மணல் படுக்கை. நடுப்பாதைக்கு கான்கிரீட் அல்லது சொரசொரப்பான கருங்கல். தேர் போகும் தெருவென்றால் நடுவில் பேவர் பிளாக் வேண்டவே வேண்டாம். தேர்ச்சக்கரத்தின் பளு ஒரே கோட்டில் இறங்கும், முட்டுக்கட்டை போடும் இடத்தில் கல் பக்கவாட்டில் நகர்ந்து வரிசையே அவிழும். மேன்ஹோல் மூடியும் அந்தக் கோட்டில் 35 டன் வகையாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுக்கும் காரணம், மூடிய குழி. குழியை 15, 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்திருக்க வேண்டும். அள்ளிக் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டியிருந்தால் முதல் ஐப்பசி மழையில் குழாய் போன கோடு அப்படியே பள்ளமாக அமுங்கும். ஒப்பந்தக்காரர் சொல்வதை நம்பாமல் நான்கு இடத்தில் சோதனைக்குழி போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஜல்லிக்கலவைத் தளத்தோடு ஒரு மழைக்காலம் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு வீண் இல்லை. மேலே சொன்ன நேரப் பிரிப்பின் முன்னோட்டத்தை அந்தத் தற்காலிகத் தளத்தில்தான் நடத்த வேண்டும்.

முப்பது நாள் முன்னோட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 115ஆம் பிரிவு வண்டிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தருகிறது. கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாவிட்டால் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, ஆனால் ஊரறிய விளம்பரம் செய்ய வேண்டும். முப்பது நாள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே காரணம். மாசியும் தையும் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை, தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், ஆடித்தள்ளுபடிக் காலம் ஆகியவற்றில் எடுத்த எண் எதற்கும் உதவாது. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழாக் கூட்டம் உங்கள் தெருவைத் தொடும் என்றால் அந்த நாட்களைத் தனியாகக் குறித்துக் கழித்துவிடுங்கள்.

முன்னோட்டம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பின்தெரு ஒருவழியாகி, அங்கே வண்டி நிறுத்துவது நின்று, இரு முனை நிறுத்துமிடமும் திறந்திருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் திட்டம் விழுந்துவிடும். பின்தெருவில் குடியிருப்பவர்களைக் கூட்டத்துக்கு அழைப்பது வழக்கமாக மறந்துபோகிறது. வியாபாரிகள் சங்கத்தில் இருப்பவர்கள் முன்தெருக் கடைக்காரர்கள். புகையும் ஹாரனும் போய்ச் சேருவது பின்தெருவில் வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கு. அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பதில் சொல்ல முடியாத திட்டம் நியாயமானது இல்லை. குறைந்தது ஒரு பக்கம் 1.8 மீட்டர் நடைபாதை, மூன்று வேகத்தடை, இரவு 10க்கு மேல் சரக்கு வண்டிக்குத் தடை என்பவை அவர்களோடு எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டியவை.

சரக்குக்கான கணக்கு எளிது. காலையில் 24 வண்டி, ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்றால் 480 நிமிடம். மூன்று மணி நேரத்தில் அதை முடிக்க ஒரே சமயம் மூன்று வண்டி நிற்க வேண்டும், தாமதத்துக்கு ஒன்று கூட்டி நான்கு இடம். ஒவ்வொன்றும் 3க்கு 7 மீட்டர். லாரியைத் தெருவுக்குள் விடாதீர்கள், பஸ் ரோட்டு முனையில் நிறுத்தித் தள்ளுவண்டியில் மாற்றுங்கள். அப்போது சுமைதூக்கும் தொழிலாளர்களின் நடை கூடும். மூட்டைக்கு இவ்வளவு என்ற பழைய கூலி செல்லாது. கூலியைப் பேசாமல் தொடங்கினால் முதல் திங்கட்கிழமையே சரக்கு இறங்காது.

முனைத் தடுப்புக்குக் கம்பங்களை 1.2 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள், சக்கர நாற்காலி நுழைய வேண்டும் என்பதால். அதே இடைவெளியில் மோட்டார் சைக்கிள் தாராளமாக நுழையும். சக்கர நாற்காலியை உள்ளே விட்டு பைக்கை மட்டும் தடுக்கும் இடைவெளி என்று ஒன்று கிடையாது. எனவே மாலை ஐந்து மணி நேரமும் இரு முனையிலும் ஆள் நிற்க வேண்டும், அந்தச் சம்பளத்தைத் திட்டச் செலவில் முதல் வரியாக எழுதுங்கள். சங்கிலி கட்டாதீர்கள், அந்தி நேரத்தில் முதியவர்கள் தடுக்கி விழுவார்கள். கழற்றும் கம்பம் வைத்தால் அதன் குழிக்கூடு மண் நிரம்பி மூன்றாம் மாதம் கம்பம் உட்காராது. அடியில் வடிதுளையும் மேலே மூடியும் உள்ள கூடாக வாங்குங்கள். சாவி காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், கோயில் அலுவலகம் மூன்றிலும் இருக்கட்டும்.

தெருவோர வியாபாரிகளை அப்புறப்படுத்திவிட்டு அழகுபடுத்துவது மிகப் பெரிய தவறு. பூக்காரம்மாவும் வளையல் தட்டும் கடலை வண்டியும் இருப்பதால்தான் ஆள் நின்று பார்க்கிறார்கள். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்ற முடியாது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பேர் தெரு வியாபாரிகளே. அந்தக் குழுவின் முடிவோடு, நடைபகுதியின் வெளி விளிம்பில் எண் போட்ட கட்டங்களாக இடம் கொடுங்கள். கடை வாசலுக்கு நேராகக் கட்டம் வரக் கூடாது, இரண்டு கடைக்கு நடுச்சுவர் எங்கே இருக்கிறதோ அதற்கு எதிரே வரட்டும். இந்த ஒரு ஒழுங்கு பாதிச் சண்டையைக் குறைக்கும்.

விளக்கு பற்றி ஒரு சொல். கடை விளக்கை நம்பித் தெரு வெளிச்சமாகத் தெரியும், ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கினால் இருண்டுவிடும். 15 மீட்டருக்கு ஒன்றாக, 4 மீட்டர் உயரத்தில் 15 விளக்குகள் வேண்டும். கழிப்பறை இரு முனையிலும், பெண்களுக்குத் தனியாக. அது இல்லாவிட்டால் அந்தத் தெருவில் மாலையில் நின்று பேசப்போவது ஆண்கள் மட்டுமே. 30 மீட்டருக்கு ஒரு இருக்கை, சாய்மானத்தோடு, 45 சென்டிமீட்டர் உயரத்தில்.

வியாபாரம் கூடிற்றா குறைந்ததா என்பதை எப்படி அளப்பது? விற்றுமுதலைக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் உண்மை வராது. பில் எண்ணைக் கேளுங்கள். காலை முதல் பில்லின் எண், மாலை 5 மணிக்கு எண், இரவு கடைசி எண். தொகை வேண்டாம் என்றால் பெரும்பாலோர் தருவார்கள். மூடுவதற்கு முந்தைய நான்கு வாரத்தோடு, கிழமைக்குக் கிழமை, முகூர்த்த நாளைத் தனியே பிரித்து ஒப்பிடுங்கள். வகைவாரியாகப் பார்ப்பது அவசியம். ஜவுளிக்கும் பலகாரத்துக்கும் கூட வாய்ப்பு உண்டு, மளிகைக்கும் பெரிய பாத்திரத்துக்கும் குறைய வாய்ப்பு உண்டு, ஏனென்றால் 25 கிலோ அரிசியையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு யாரும் 110 மீட்டர் நடக்க மாட்டார்கள். இதற்கு மாலையில் முனை வரை கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு தள்ளுவண்டிகளைச் சங்கமே ஓட்டலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஒரு சக்கர நாற்காலி ஒவ்வொரு முனையிலும்.

மாநகராட்சி மன்றத் தீர்மானத்தில் நேரத்தையும் எல்லையையும் எழுதுவதோடு, எந்த நிலை வந்தால் திறந்துவிடுவோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். எங்கள் பரிந்துரை மூன்று நிபந்தனை: பின்தெருவில் மாலை நெரிசல் மணிக்கு 900 அலகைத் தொடர்ந்து இரண்டு வாரம் தாண்டினால், கடைகளில் பாதிக்கு மேல் மாலை பில் எண்ணிக்கை கால்வாசிக்கு மேல் விழுந்தால், ஆம்புலன்ஸ் ஒத்திகையில் முனையிலிருந்து நடுக்கடை வரை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால். இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் மாலைக் கட்டுப்பாடு நிற்கும், ஒருவழியும் விரிந்த நடைபகுதியும் தொடரும். நேராவிட்டால் முப்பதாம் நாளுக்குள் அரசிதழ் அறிவிப்புக்கான முன்மொழிவு போயிருக்க வேண்டும், இல்லையென்றால் முப்பத்தோராம் நாள் காலை கட்டுப்பாடு சட்டப்படி காலாவதியாகிவிடும்.